கொடியில் காயாத துணி



உங்கள் கல்லூரி அழைப்பிதழில் என் தலைப்பை ‘வளரிளம் பெண்களின் நலக்கல்வி’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நான் எழுதியனுப்பிய தலைப்பில் ‘மாதவிடாய்’ என்று ஒரு சொல் இருந்தது. அச்சகத்துக்குப் போகும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. பரவாயில்லை. அந்தச் சொல் இப்படி விழுவதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

‘அதெல்லாம் மலையேறிப் போச்சு’ என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. தீட்டு, மூலையில் உட்காருவது, தனித்தட்டு, தனிப்பாய் எல்லாம் மலையேறிப் போய்விட்டன என்று கீழே இருப்பவர்கள் நிம்மதியாகச் சொல்கிறார்கள். நான் மலையில் வேலை பார்த்த ஆசிரியை. மலையேறிப் போனவை எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வகுப்பறைக்குத்தான் வந்தன.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் படர்ந்து கிடக்கிறது. போளூரிலிருந்தும் ஏறலாம், திருப்பத்தூரிலிருந்தும் ஏறலாம். நடுவே ஜமுனாமரத்தூர். மலையாளி என்று பெயர் கொண்ட பழங்குடி மக்கள் வாழும் இடம். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. சாமை விளையும், தேன் கிடைக்கும், நெல்லியும் புளியும் உண்டு. மலையின் இன்னொரு பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அந்த மலையிலேதான் ஒரு பெண் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால் தோழிகள் ‘தூரம், டீச்சர்’ என்பார்கள். யுரேனஸ் எவ்வளவு தூரம் என்று அளந்தாகிவிட்டது. இந்தத் தூரம் எவ்வளவு என்று எனக்குப் பல வருடம் பிடிபடவில்லை.

அங்கே பள்ளி என்றால் பெரும்பாலும் உண்டு உறைவிடப் பள்ளிதான். பெற்றோர் பிழைப்புக்காகக் கீழே இறங்கிப் போகிறார்கள். கேரளம், கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், திருப்பூர். சிலர் போன இடத்திலிருந்து திரும்பவே இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பெண் முதன்முதலாகப் பாவாடையில் கறையைப் பார்க்கும் நாளில் அவள் அம்மா பக்கத்தில் இருப்பாள் என்று நாம் பேசாமலே நினைத்துக்கொள்கிறோம். அம்மா ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில் இருக்கிறாள். பாட்டிக்குக் கண் தெரியவில்லை. மிச்சம் இருப்பது விடுதியும், பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்களும், நானும்.

எனக்கு அப்போது என்ன தெரியும்? கருப்பைப் படம் வரையத் தெரியும். பையன்களைக் கைப்பந்து ஆட அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, சிவப்பு, நீலச் சாக்பீஸால் வரைந்து, சினைமுட்டை எங்கே உண்டாகிறது, எப்படி நகர்கிறது, கருத்தரிக்காதபோது கருப்பையின் உட்சவ்வு எப்படி உதிர்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் மூன்று வரி எழுதிப் போட்டேன். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவும். வெறும் தண்ணீரால் கழுவினால் போதும், உள்ளே சோப்பு வேண்டாம். துணி பயன்படுத்தினால் வெயிலில் காயவைக்கவும். மூன்றும் சரியான வரிகள். பரீட்சையில் கேட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

அதே வாரம் விடுதி அறையில் ஒரு நாற்றம். ஐப்பசி அடைமழை. எலி செத்துக் கிடக்கிறது என்று பெட்டிகளை நகர்த்தினோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தகரப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், நாலாக மடித்த பழைய பாவாடைத் துண்டு. நன்றாகத்தான் துவைத்திருந்தாள். காயத்தான் இல்லை. பிரித்தால் மடிப்பின் உள்பக்கம் மிளகுப்பொடி தூவினது மாதிரி கரும்புள்ளி. அடுத்த நாள் அதையே மறுபடி வைத்துக்கொள்ள இருந்தாள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘வெயிலில் காயவைக்கவும்’ என்று முத்து முத்தாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

“ஏம்மா, வெயில்ல போடலையா?” என்றேன். அவள் தலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள்: “கொடி அங்க இருக்குது, டீச்சர்.”

போய்ப் பார்த்தேன். விடுதிக்கு ஒரே கொடி. அது கைப்பந்துத் திடலைப் பார்த்தபடி இருந்தது. நான் பாடம் நடத்த வசதியாகப் பையன்களை எங்கே அனுப்பினேனோ, அதே திடல்.

அன்று சாயங்காலம் கட்டடத்துக்குப் பின்னால், மேற்கு வெயில் படுகிற சுவரை ஒட்டி இரண்டு கயிறு கட்டினோம். முன்னால் என் பழைய நூல்புடவை ஒன்றை மறைப்பாகப் போட்டோம். மெல்லிசுப் புடவை, காற்றும் வெயிலும் தாராளமாகப் போகும். ஒரு வாரம் அந்தக் கயிற்றில் ஒன்றும் காணோம். எட்டாம் நாள் ஒரு துண்டு தொங்கியது. அதற்கு அடுத்த வாரம் கிளிப்பு போதவில்லை என்று கேட்டு வந்தார்கள். கருப்பைப் படத்துக்கு நான் செலவழித்த சாக்பீஸைவிட இந்தக் கயிறு மலிவு.

‘இந்தக் காலத்தில் துணி எதற்கு, அரசாங்கம்தான் இலவசமாக நாப்கின் தருகிறதே’ என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். தருகிறது. அதில் நமக்குப் பெருமையும் உண்டு. மாதவிடாய்ப் பொருள்களை யாருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று ஸ்காட்லாந்து 2020 நவம்பரில் சட்டம் இயற்றியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. தமிழ்நாட்டில் ‘புதுயுகம்’ திட்டம் தொடங்கியது 2012 மார்ச்சில். ஸ்காட்லாந்துபோல எல்லோருக்கும் இல்லை. 10 முதல் 19 வயதுவரை உள்ள கிராமப்புறப் பெண்கள், அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்கள், சிறையில் இருக்கும் பெண்கள் என்று தொடங்கியது. சிறையில் இருப்பவளுக்கும் மாதம் வரும் என்று ஓர் அரசாணை நினைத்துப் பார்த்ததை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை.

ஆனால் நான் அறிவியலோடு கணக்கும் நடத்தியவள். வளரிளம் பெண் ஒருத்திக்கு வருடத்துக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. மொத்தம் 108. நூற்றெட்டு மங்கலமான எண்தான். தேங்காய் உடைப்பதற்கும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கும் உதவுகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஒன்பது. ஐந்து நாள் உதிரப்போக்கு, நாளைக்கு நாலு முறை மாற்ற வேண்டும் என்று நான் எழுதிப் போட்ட வரியின்படி பார்த்தால் இருபது வேண்டும். ஒன்பதை இருபதாக்கும் வித்தையைப் பெண்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். காலையில் வைத்ததை ராத்திரிதான் எடுப்பார்கள். அதிலும் வீட்டில் அம்மாவுக்கோ கல்யாணமான அக்காவுக்கோ இரண்டு போகும். பத்தொன்பது வயதுக்கு மேல் அவர்களுக்குப் பட்டியலில் இடமில்லையே. தொடையிடுக்கில் புண்ணோடு காலை அகட்டி நடந்து வரும் பெண்ணிடம் ‘ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினாயா?’ என்று கேட்பதற்கு முன்னால் ஆசிரியைக்கு இந்த வகுத்தல் தெரிந்திருக்க வேண்டும்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2019–21 சுற்றின்படி 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைக் கையாள்பவர்கள் இந்திய அளவில் 77 சதவீதம். தமிழ்நாடு அதைவிட வெகுவாக மேலே நிற்கிறது. சுகாதாரமான முறை என்று எதைக் கணக்கில் எடுக்கிறார்கள்? கடை நாப்கின், உள்ளூரில் தயாரித்த நாப்கின், டாம்பூன், மாதவிடாய்க் கோப்பை. துணி அந்தப் பட்டியலில் வராது. பன்னிரண்டு மணி நேரம் மாற்றாத நாப்கின் நல்ல கணக்கில் ஏறிவிடுகிறது. பின்சுவர்க் கயிற்றில் சுள்ளென்று காய்ந்த பருத்தித் துண்டு கெட்ட கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கணக்கெடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. வீடு வீடாகப் போய்க் கொடியை எட்டிப் பார்க்க அவர்களால் ஆகாது. பள்ளியில் இருக்கும் எங்களால் ஆகும். அதனால் நான் நேராகவே சொல்லிக்கொடுத்தேன். வகுப்புக்கு வரும்போது நாப்கின், விடுதியிலும் வீட்டிலும் துணி, இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். துணியைப் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள், சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும், பிறகு சோப்பு, பிறகு வெயில். ஒரு பயிற்சி முகாமில் இதைச் சொன்னதற்காக ஓர் அலுவலர் என்னைப் பின்னோக்கிப் போகிறவள் என்றார். போகட்டும்.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதை உங்களுக்குத் தெரியும். மலிவு விலை நாப்கின் எந்திரம் செய்தவர், 2016-இல் பத்மஸ்ரீ, பிறகு இந்தியில் சினிமாவும் வந்தது. அந்தக் கதையின் தொடக்கத்தை எல்லோரும் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். மனைவி எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போவதைப் புது மாப்பிள்ளை பார்க்கிறார். பார்த்தால், கந்தல் துணி. எந்திரம் செய்ய அவருக்குப் பல வருடம் ஆயிற்று. முதுகுக்குப் பின்னால் போன கையை முன்னால் கொண்டுவரும் எந்திரத்தை இன்னும் யாரும் செய்யவில்லை.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் உண்டு. நல்ல பாடம்தான். ஆனால் அது வந்து சேரும் நேரத்தில் வகுப்பில் பலருக்குச் சடங்கு சுற்றி, மாமன் சீர் வைத்து, பந்தல் பிரித்திருக்கும். ஊருக்கே மைக் செட் வைத்து அறிவித்த சங்கதியை வகுப்பில் சொல்லக் கூசி, ‘இந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைத் திருப்புகிற ஆசிரியர்களும் உண்டு. பத்து, பதினொரு வயதிலேயே வருகிறது. ஆறாம் வகுப்பில் தொடங்காவிட்டால் பிந்திவிடும். படத்தைப் பிறகு வரையலாம். முதலில் சொல்ல வேண்டியது ஒரு வரி: ‘ஒருநாள் ரத்தம் வரும், அடி பட்டிருக்காது, பயப்படாதே, என்னிடம் வா.’

பெண்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவின் மூடியில் துளை போட்டு ஜன்னலில் வைத்தேன். பெயர் எழுதாமல் சீட்டு எழுதிப் போடலாம். முதல் மாதம் வந்தவற்றில் பாதி சாப்பாட்டைப் பற்றி: புளி தின்னலாமா, தயிர் தின்னலாமா? தின்னலாம். ‘வெள்ளைபடுவது எலும்புருக்கியா?’ என்று ஒன்று. தெளிவாக, கொஞ்சமாகப் படுவது உடம்பின் இயல்பு. அரிப்பும் கெட்ட வாடையும் நிறமாற்றமும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ‘துணிமேல் பாம்பு ஏறினால் பிள்ளை பிறக்காதா?’ பாட்டிகள் சொல்லிவைத்தது. கண்ட இடத்தில் வீசாதே என்பதற்காகச் சொன்னார்களோ என்னவோ, விளைவு என்னவென்றால் பெண்கள் நாப்கினை மூன்று மாதம் பெட்டிக்குள் சேர்த்துவைத்தார்கள்.

‘சாமி கும்பிடலாமா?’ என்ற சீட்டுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. தாய் தகப்பனுக்கு எதிராகப் பேசினதாக ஆகிவிடக் கூடாது. யோசித்து, மேல்மருவத்தூரைச் சொன்னேன். சிவப்புப் புடவை கட்டி, இருமுடி கட்டிக்கொண்டு போகிற பெண்கள் கீழே எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கோயிலில் மாதவிலக்கு நாளென்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, கருவறைக்குள் போய்ப் பெண்களே பூசை செய்கிறார்கள். ‘அந்த அம்மனுக்குக் கோபம் வரலையாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை அவர்கள் வீட்டில் போய்ச் சண்டை போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு சீட்டில் ‘உங்களுக்கும் வருமா, டீச்சர்?’ என்று இருந்தது. அந்த வருடம்தான் எனக்கு நின்றிருந்தது. அதையும் வகுப்பில் சொன்னேன். நிற்கும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இன்னொரு நாள், ஒவ்வொரு மாதமும் எவ்வளவு ரத்தம் போகும் என்று கேட்டேன். ‘ஒரு சொம்பு’ என்றாள் ஒருத்தி. ‘ரெண்டு’ என்றது பின்வரிசை. இருமல் மருந்துப் பாட்டிலின் மூடி ஒன்று எடுத்தேன், ஐந்து மில்லி கோடு போட்டது. குங்குமம் கரைத்த தண்ணீரை அதில் அளந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். ஒன்று, இரண்டு என்று கூடவே எண்ணினார்கள். எட்டு மூடியில் நிறுத்தி டம்ளரைச் சாய்த்துக் காட்டினேன். பலருக்கும் இவ்வளவுதான், முப்பது நாற்பது மில்லி. “இவ்ளோதானா?” என்று ஒருத்தி டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னும் எட்டு மூடி ஊற்றினேன். இந்த எண்பதைத் தாண்டினால், ஏழு நாளுக்கு மேல் நீண்டால், மணிக்கொரு தடவை மாற்ற வேண்டியிருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்றேன். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பள்ளியில் வாரம் ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். ஜன்னலுக்கு வெளியே செடிகளுக்கு நல்ல ஊட்டம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் ஜன்னல் பக்கம் போகாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டு மேலே ஒரு நெல்லிக்காய் கடிக்கச் சொன்னேன். டீ மட்டும் ஒரு மணி நேரம் கழித்து.

கீழே எல்லாம் சரியாகிவிட்டது என்று மலைக்காரர்கள் நினைத்துவிட வேண்டாம். 2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். உடையில் பட்ட கறைக்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டாள் என்பது குற்றச்சாட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கம் வயதுக்கு வந்ததற்காகத் தனிக் குடிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்த சிறுமியின் மேல் தென்னை சாய்ந்தது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்படைந்த எட்டாம் வகுப்பு மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்தார்கள். மூன்றிலும் ஊர் வேறு. தனிக் குடிசையும் படிக்கட்டும் ஒன்றுதான்.

பையன்களைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் இரண்டு வருடம் அவர்களைத் திடலுக்கு அனுப்பியது என் தவறு. எதை மறைத்தேனோ அதைப் பற்றித்தான் அங்கே சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தனியாக அழைத்து அதே படம், அதே டம்ளர். மலையில் மார்கழிக் காலை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேசினால் வாயில் புகை வரும். அந்தக் குளிரில் ஸ்வெட்டரை உடம்பில் போடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு, பல் கிட்ட, பிரார்த்தனைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கும் பெண்ணைப் பார்த்தால் என்னவென்று புரிந்துகொண்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்றேன். ஒருநாள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தான். “எங்கடா?” என்றால், “தங்கச்சிகிட்ட இருக்குது, ரெண்டு வேணுமாம்” என்றான். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் மலையின் புலியூர்க்காரரான ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் எல்லோரையும் அப்படி வீரம் காட்டச் சொல்லி நான் ஒருநாளும் பேசியதில்லை. வயிற்றுவலியோடு சுருண்டு கிடப்பவளுக்கு ஒத்தடம் கொடுக்கத் தவிட்டு மூட்டையும், தாங்க முடியாதபோது ஒரு மாத்திரையும், படுக்க ஓர் அரை நாளும் தேவை.

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை போய் வருகிறேன். போன தடவை ஹார்லிக்ஸ் டப்பாவில் இருந்தவை எல்லாம் சாமான் பட்டியல். பள்ளியில் நாப்கின் எரிக்கும் எந்திரம் இருக்கிறது, மின்சாரம்தான் இருக்கும்போது இருக்கிறது. அதுவரை போட்டுவைக்கக் கழிப்பறைக்கு மூடி போட்ட பக்கெட் வேண்டும் என்று ஏழு சீட்டு. மூடி இல்லாவிட்டால் நாய் இழுத்துவிடுகிறதாம். உள்ளே தண்ணீர் மொள்ள மக் வேண்டும் என்று மூன்று. தாழ்ப்பாள் வேண்டும் என்று பதினொன்று. தோழியை வெளியே காவலுக்கு நிறுத்திவிட்டுப் போக வேண்டியிருக்கிறது, அவளுக்கு வகுப்பு போய்விடுகிறது என்று ஒருத்தி விளக்கமும் எழுதியிருந்தாள்.

சொற்பொழிவுக்கு மதிப்பூதியம் உண்டு என்று கல்லூரி முதல்வர் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். வரும் வழியில் போளூர்க் கடைத்தெருவில் மூடி போட்ட பக்கெட்டுக்கு விலை கேட்டுவிட்டேன், மொத்தமாக எடுத்தால் குறைத்துத் தருவதாகச் சொன்னார். மக் அவரே கொடுக்கிறாராம். தாழ்ப்பாளை உங்களில் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஆணி அடிக்கிற ரகம் வேண்டாம். கதவு தகரம், பிடிக்காது. நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்குகிற ரகமாகக் கேளுங்கள், ஆறு.